அணைந்த பின் கிடைத்த விலாசம்

ஆகாயத்தின் ஏதாவது ஒரு மூலையில், ஏறக்குறைய நாளுக்கு ஒரு முறை, சில விநாடிகளோ சில நிமிஷங்களோ மட்டுமே நீடித்து, அந்தச் சிறு பொழுதில் காமா கிரணங்களின் பிரகாசத்தால் வானத்து மற்றப் பொருள்கள் அனைத்தையும் மங்கச் செய்துவிட்டு மறைந்துபோகிற ஒரு வெடிப்பு நிகழ்கிறது. பூமியைச் சூழ்ந்திருக்கும் வாயுமண்டலம் அந்தக் கிரணங்களைத் தரைவரை வரவிடாமல் தடுத்துவிடுவதால், மனித குலம் தோன்றிய நாள் தொட்டு நம் தலைக்கு மேலேயே நடந்துவந்த இந்தச் சம்பவத்தை 1967-ஆம் வருஷம் வரையில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அறிந்த பிறகும், அது நம் பக்கத்தில் நடக்கிறதா, பிரபஞ்சத்தின் கடைக்கோடியில் நடக்கிறதா என்ற சாதாரணக் கேள்விக்கு விடை காண மேலும் முப்பது வருஷங்கள் பிடித்தன. வெடிப்பையே நோக்கிக்கொண்டிருந்த அந்த முப்பது வருஷங்களில் கிட்டாத விடை, வெடிப்பு முடிந்த பிறகு அதே இடத்தில் மிஞ்சி நின்று, நாளுக்கு நாள் தேய்ந்து மறைகிற மங்கலான பின்னொளியைத் தேடிப் பிடித்த ஒரு சில இரவுகளில் கிட்டிவிட்டது. வான சாஸ்திரத்தின் சமீப சரித்திரத்தில் இதைவிடச் சுவையான அத்தியாயம் அதிகம் இல்லை.

இந்தக் கதையின் தொடக்கம் சாஸ்திரத்தில் இல்லை, ராஜதந்திரத்தில் இருக்கிறது. வாயுமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதில்லை என்று 1963-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கையெழுத்திட்ட மை உலருமுன்பே ஒருவரையொருவர் சந்தேகிப்பது ராஜ்யங்களின் சுபாவமாகையால், யாரேனும் பூமியைவிட்டு விலகிச் சென்று ரகசியமாக வெடித்துப் பார்க்கிறார்களா என்று வேவு பார்ப்பதற்காக, 'வேலா' என்னும் பெயர் கொண்ட செயற்கைக்கோள்களை அமெரிக்கா ஜோடி ஜோடியாக அனுப்பிவைத்தது. 1967 ஜூலை 2-ஆம் தேதி அவற்றின் கருவிகளில் காமா கிரணத் துடிப்பு ஒன்று பதிவாயிற்று. ஆனால் அணுகுண்டு வெடிப்புக்கு உரிய லட்சணங்கள் அதில் காணப்படவில்லை. பின்னர் அனுப்பப்பட்ட வேலாக்களில் இன்னும் நுட்பமான கடிகாரங்கள் இருந்தமையால், ஒரே துடிப்பு ஒரு கோளை எட்டிய கணத்துக்கும் மற்றொரு கோளை எட்டிய கணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அது வந்த திசையை ஓரளவுக்கு அனுமானிக்க முடிந்தது. பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று தெளிவான பின், லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரே கிளீபெசாடெல், இயன் ஸ்ட்ராங், ராய் ஓல்ஸன் ஆகிய மூவரும், 1969-க்கும் 1972-க்கும் இடையில் பதிவான 16 வெடிப்புகளைப் பற்றி 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டு உலகுக்கு அறிவித்தார்கள்.

அறிவிப்பு வந்ததும் விளக்கங்கள் குவிந்தன. இருபது வருஷங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கொள்கைகள் வந்துவிட்டன என்று சொன்னால், உண்மை எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது புலப்படும். சிக்கலின் வேர் கருவியில் இருந்தது. சாதாரண ஒளியை ஒரு கண்ணாடி திருப்பிவிடும், குவித்துக் கொடுக்கும். காமா கிரணமோ எந்தக் கண்ணாடிக்கும் கட்டுப்படாமல் ஊடுருவிப் போய்விடும். ஆகையால் அது வந்த திசையைக் கூர்மையாகக் குறிக்க வழியில்லை. திருவிழா இரவில் வீட்டுக்குள் இருப்பவர் அதிர்வேட்டின் சத்தத்தைக் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தால், வேட்டு முடிந்துபோயிருக்கும். கிழக்குப் பக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாமே தவிர, எந்தத் தெருவில், எவர் வீட்டு வாசலில் என்று சொல்வதற்கு, அங்கே எழும்புகிற புகையைக் கண்டால்தான் உண்டு. வான சாஸ்திரிகளின் நிலைமையும் அதுவேயாக இருந்தது: வேட்டுச் சத்தம் கேட்டது, புகை தெரியவில்லை.

1991-ல் அமெரிக்கா அனுப்பிய காம்டன் விண்வெளி ஆய்வுக்கூடம் ஒன்பது வருஷ காலத்தில் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. ஒவ்வொன்றின் இடத்தையும் அதனால் சில பாகைகள் பிழையோடுதான் சொல்ல முடிந்தது. முழுநிலவின் விட்டமே அரைப் பாகைதான் என்பதை நினைத்தால், அந்தப் பிழைக்குள் எத்தனை ஆயிரம் நட்சத்திரங்கள் அடங்கும் என்பது விளங்கும். ஆயினும் அத்தனை வெடிப்புகளையும் ஒரே வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்தபோது ஒரு முக்கியமான செய்தி கிடைத்தது. நமது பால்வீதியின் நட்சத்திரங்களிலிருந்து அவை பிறப்பதாயின், பால்வீதி வானத்தில் வளைந்து செல்லும் பட்டையின் மீதே நெருங்கிக் கிடக்கவேண்டும். ஆனால் புள்ளிகள் எத்திசையிலும் ஒரே சீராக இறைந்து கிடந்தன. பால்வீதிக்கு வெகு தூரத்துக்கு அப்பால், பிரபஞ்சம் முழுவதிலும் இவை நிகழ்கின்றன என்று போடான் பச்சின்ஸ்கி வாதித்தார். பால்வீதியை ஒரு பெரும் உருண்டையாகச் சூழ்ந்திருக்கும் புறவெளியிலிருந்தே வருகின்றன என்று டொனால்ட் லாம்ப் எதிர்வாதம் செய்தார். 1995 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில், மார்ட்டின் ரீஸ் தலைமையில், இருவரும் சபை நடுவே விவாதித்தும் முடிவு ஏற்படவில்லை. இரு கட்சிக்கும் குறைவாயிருந்தது சாமர்த்தியம் அன்று, சாட்சி.

சாட்சி கிடைத்த கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து 1996 ஏப்ரலில் அனுப்பிய பெப்போஸாக்ஸ் என்னும் செயற்கைக்கோளில் இருவகைக் கருவிகள் இருந்தன. காமா வெடிப்பை உணரும் கருவி ஒரு வகை. வானத்தின் அகன்ற பரப்பை எக்ஸ் கிரணங்களில் படம் எடுத்து, வெடிப்பின் இடத்தைப் பாகையின் மிகச் சிறு பகுதிக்குள் அடக்கிக் காட்டும் காமிரா மற்றொரு வகை. 1997 பிப்ரவரி 28-ஆம் தேதி விடியுமுன், மிருகசீரிஷமும் திருவாதிரையும் அடங்கிய ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் திசையில், சுமார் 80 விநாடி நீடித்த வெடிப்பு ஒன்று பதிவாயிற்று. வருஷம், மாதம், தேதி ஆகிய மூன்றையும் வரிசையாகச் சேர்த்துப் பெயரிடும் வழக்கப்படி அதற்கு ஜி.ஆர்.பி. 970228 என்று பெயர். எட்டு மணி நேரத்துக்குள் செயற்கைக்கோளையே திருப்பி, அதன் கூர்மையான எக்ஸ் கிரணத் தொலைநோக்கியால் அந்த இடத்தை நோக்கினார்கள். முன்பு எவரும் குறித்திராத ஒரு எக்ஸ் கிரணப் புள்ளி அங்கே இருந்தது. மார்ச் 3-ஆம் தேதி மறுபடியும் பார்த்தபோது அது இருபதில் ஒரு பங்காகக் குன்றியிருந்தது.

செய்தி ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குப் போயிற்று. அங்கே யான் வான் பாரடைஸ் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர்களான டைட்டஸ் கலாமா, பால் க்ரூட் என்னும் இளைஞர்களும் இத்தகைய செய்திக்காகவே காத்திருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, கனேரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில், கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேலே ஒரு மலை முகட்டில் நிற்கும் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியின் ஆடி 4.2 மீட்டர் விட்டமுள்ளது. வெடிப்பு நிகழ்ந்து ஏறக்குறைய 21 மணி நேரம் கழித்து, அதே பிப்ரவரி 28-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர், அவர்கள் பொருட்டு அத்தொலைநோக்கி அந்தச் சிறு வட்டத்தைப் படம் பிடித்தது. படத்தில் அநேகம் புள்ளிகள் இருந்தன. அவற்றுள் எது வெடிப்பின் எச்சம் என்பதை அந்த ஒரு படத்தைக் கொண்டு எவராலும் சொல்லியிருக்க முடியாது. மார்ச் 8-ஆம் தேதி அதே இடத்தை மறுபடி படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி ஒத்திட்டுப் பார்த்தார்கள். முதற் படத்தில் இருந்த எல்லாப் புள்ளிகளும் இரண்டாவதிலும் இருந்தன, ஒன்றைத் தவிர. வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய மிக மங்கலான நட்சத்திரத்தைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் மங்கலாக முதல் இரவில் பதிந்திருந்த அந்த ஒரு புள்ளி, எட்டு நாளைக்குள் கண்காணாமல் போயிருந்தது. இருப்பதால் அன்றி, இல்லாமற்போனதால் தன்னை அடையாளம் காட்டிக்கொண்ட முதற் பின்னொளி அதுதான். பிற்பாடு ஹப்பிள் தொலைநோக்கி அதே இடத்தை நோக்கியபோது, தேய்ந்துகொண்டிருந்த புள்ளியை ஒட்டி மங்கலான ஒளிப்படலம் ஒன்று தெரிந்தது. அது ஒரு நட்சத்திர மண்டலத்தின் சாயல் என்று பலரும் கருதினார்கள்.

இருந்தும் தூரம் இன்னும் அளக்கப்படவில்லை. அதற்கு இரண்டரை மாதமே காத்திருக்க வேண்டியிருந்தது. மே 8-ஆம் தேதி பெப்போஸாக்ஸ் மற்றொரு வெடிப்பைக் கண்டது. அதன் பின்னொளியும் அகப்பட்டது. ஹவாய்த் தீவில் மௌனா கேயா சிகரத்தின் மேல் இருக்கும் பத்து மீட்டர் கெக் தொலைநோக்கியைக் கொண்டு, மார்க் மெட்ஸ்கர், ஜார்ஜ் ஜோர்கோவ்ஸ்கி, இந்தியாவில் பிறந்த ஷ்ரீனிவாஸ் குல்கர்ணி முதலியோர் அடங்கிய கோஷ்டி அந்தப் பின்னொளியின் நிறமாலையைப் பதிவு செய்தது. ஒளி வரும் வழியில் ஒரு நட்சத்திர மண்டலத்தின் வாயுவைக் கடந்திருந்தபடியால், அந்த வாயுவில் உள்ள இரும்பும் மக்னீசியமும் தத்தமக்குரிய நிறங்களை உறிஞ்சிக்கொண்டு நிறமாலையில் கறுப்புக் கோடுகளை விட்டிருந்தன; பிரபஞ்சத்தின் விரிவினால் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கமாக எவ்வளவு நகர்ந்திருந்தன என்று அளந்தபோது, அந்த ஒளி குறைந்தபட்சம் 700 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து வந்திருக்கவேண்டும் என்று தெரிந்தது. பூமி பிறந்தே 450 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. விவாதம் அன்றோடு முடிந்தது. பச்சின்ஸ்கியின் கட்சியே வென்றது.

தூரம் தெரிந்ததும், பதிலுக்குப் பதிலாக ஒரு பெருந் திகைப்பு வந்து சேர்ந்தது. அவ்வளவு தொலைவிலிருந்தும் இவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறதென்றால், எல்லாத் திசையிலும் ஒரே சீராகச் சக்தி சிதறியதாகக் கணக்கிடும்போது, சூரியன் தன் ஆயுள் முழுவதிலும், அதாவது ஆயிரம் கோடி ஆண்டுகளில், வெளியிடும் சக்தியைவிட அதிகமான சக்தியைச் சில விநாடிகளில் கொட்டித் தீர்க்கும் வெடிப்புகள் இவை என்று ஆயிற்று. இந்தத் திகைப்புக்கு மருந்தும் பின்னொளியிடமிருந்தே கிடைத்தது. அநேகப் பின்னொளிகள் சில நாட்கள் ஒரே வேகத்தில் தேய்ந்துவந்து, பிறகு திடீரென்று முன்னிலும் விரைவாகத் தேயத் தொடங்குகின்றன. வெடிப்பு எல்லாப் பக்கமும் சிதறாமல், சில பாகை அகலமே உள்ள கூரிய தாரையாகப் பீறிடுவதாக வைத்துக்கொண்டால் இந்தத் திருப்பம் ஏற்படுவது நியாயம் என்று கணக்குக் காட்டுகிறது. அந்தத் தாரை நம்மை நோக்கியிருக்கும்போது மட்டுமே வெடிப்பு நமக்குத் தெரிகிறது. அப்படியானால் உண்மையில் செலவாகும் சக்தி, எல்லாத் திசைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, ஒரு பெரிய நட்சத்திரத்தின் மரணத்தில் கிடைக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடுகிறது.

இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும் விளக்கம் இது. சூரியனைப்போல் பல மடங்கு பளுவுள்ள ஒரு நட்சத்திரத்தின் உள்ளகம், எரிபொருள் தீர்ந்த நிலையில், தன் பளுவைத் தானே தாங்கமாட்டாமல் இடிந்து கருந்துளையாகிறது. அதன் இரு துருவங்களின் வழியாகவும் ஒளியின் வேகத்துக்கு மிக அண்மையான வேகத்தில் தாரைகள் பீறிடுகின்றன. தாரைக்குள்ளேயே முன்னும் பின்னுமாகச் செல்லும் அலைகள் ஒன்றோடொன்று மோதும்போது காமா கிரணங்கள் பிறக்கின்றன என்பது பலருடைய கருத்து. அந்த ஆர்ப்பாட்டம் அடங்கிய பிறகும் தாரை நின்றுவிடுவதில்லை. நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள மெல்லிய வாயுவை உழுதுகொண்டு செல்கிறது. அந்த மோதலில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தைச் சுற்றிச் சுழலும்போது விடுகிற ஒளியே பின்னொளி. தாரையின் வேகம் தணியத் தணிய ஒளியும் எக்ஸ் கிரணத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், அதிலிருந்து அகச்சிவப்புக்கும், முடிவில் ரேடியோ அலைக்கும் படிப்படியாக இறங்கிவருகிறது. பீட்டர் மெசாரோஸும் மார்ட்டின் ரீஸும் இதை முன்கூட்டியே கணித்து எழுதிய கட்டுரை 1997 பிப்ரவரியில், முதற் பின்னொளி அகப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், அச்சில் வெளிவந்திருந்தது. தீர்க்கதரிசனத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைப்பது விஞ்ஞானத்தில் அபூர்வம்.

மே 8-ஆம் தேதி வெடிப்பு ரேடியோ தொலைநோக்கிகளுக்கும் ஓர் அரிய காட்சியை வைத்திருந்தது. டேல் ஃப்ரெயில் என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உள்ள பெரும் ரேடியோ ஆய்வுக்கூடத்திலிருந்து கவனித்தபோது, பின்னொளியின் ரேடியோ அலை முதல் சில வாரங்கள் கூடுவதும் குறைவதுமாக மினுக்கிக்கொண்டேயிருந்தது. பிறகு மினுக்கல் தணிந்து நிதானப்பட்டது. நட்சத்திரம் மினுக்கும், கிரகம் மினுக்காது என்பது நம் வீட்டுப் பாட்டிமார்களும் அறிந்த விஷயம். புள்ளியாகத் தெரியும் பொருளின் ஒளியை இடையிலுள்ள வாயு கலைத்துவிட முடிகிறது, அகலமுள்ள பொருளின் ஒளியை அவ்வாறு கலைக்க முடிவதில்லை. பால்வீதியின் வாயுவால் மினுக்கிக்கொண்டிருந்த அந்தப் புள்ளி, மினுக்காத அளவுக்கு ஒரு மாதத்துக்குள் பருத்துவிட்டது என்பதிலிருந்து அதன் குறுக்களவைக் கணக்கிட்டார்கள். லட்சம் கோடி கிலோமீட்டர் என்ற அளவுக்கு வந்தது. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விரிந்தாலன்றி அவ்வளவு குறுகிய காலத்தில் அப்படிப் பருத்திருக்க முடியாது. எந்தத் தொலைநோக்கியாலும் புள்ளிக்கு மேலாகப் பார்க்க முடியாத ஒரு பொருளின் பருமனை, அது மினுக்குவதை நிறுத்திய நாளைக்கொண்டு அளந்த புத்திசாலித்தனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இனி, தொலைநோக்கியின் அடியில் உட்கார்ந்திருப்பவர் செய்யும் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். செயற்கைக்கோள் ஒரு வெடிப்பை உணர்ந்த சில விநாடிகளில், அதன் இடத்தைக் குறிக்கும் எண்கள் உலகெங்கும் உள்ள நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அன்றிரவு வேறு ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும் அதை நிறுத்திவைத்துவிட்டுத் தொலைநோக்கியை அத்திசைக்குத் திருப்புகிறார்கள். முதலில் சிவப்பு வடிகட்டியைப் போட்டுச் சில நிமிஷங்கள் வீதம் பல படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். பிறகு பல வருஷங்களுக்கு முன் எடுத்து வைத்திருக்கும் வானப் படத் தொகுதியில் அதே பகுதியை எடுத்து ஒத்திட்டுப் பார்க்கிறார்கள். பழைய படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் உள்ளம் துள்ளும். ஆனால் உடனே துள்ளிவிடலாகாது. அந்த வழியாகப் போகும் ஒரு குறுங்கோளாக அது இருக்கலாம். பிரகாசம் கூடிக் குறையும் சாதாரண நட்சத்திரமாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுத்தால், குறுங்கோளாயின் இடம் பெயர்ந்திருக்கும். இடம் பெயராமலும், முன்னைக்கு இப்போது மங்கியும் இருந்தால் மட்டுமே அது பின்னொளி. மங்கிய அளவைச் சொல்வதிலும் ஒரு தந்திரம் உண்டு: மெல்லிய மேகமோ தூசியோ குறுக்கிட்டால் எல்லாமே மங்கித் தெரியுமாகையால், அதே படத்தில் அருகே இருக்கும் மாறாத நட்சத்திரங்களைத் துலாக்கோலாக வைத்து, அவற்றோடு ஒப்பிட்டே பின்னொளியின் பிரகாசத்தை நிர்ணயிக்கிறார்கள். இவ்வாறு இரவுக்கு இரவு கிடைக்கும் எண்களைக் கோர்த்து வரையும் வளைகோட்டில்தான் தாரையின் அகலமும், சுற்றியுள்ள வாயுவின் அடர்த்தியும், செலவான சக்தியும் ஒளிந்திருக்கின்றன.

தேய்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வெடிப்பிலிருந்து கழிந்த நேரம் இரட்டித்தால், ஒளி ஏறக்குறைய பாதியாகவோ அதற்குச் சற்றுக் கீழாகவோ குறைகிறது. முதல் நிமிஷத்துக்கும் இரண்டாம் நிமிஷத்துக்கும் இடையில் எவ்வளவு இழக்கிறதோ, அதே விகிதத்தை இழக்க முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் தேவைப்படுகிறது. இதனால் பின்னொளியைப் பிடிக்க முயல்கிறவர்களுக்கு இரண்டு குணங்கள் வேண்டியிருக்கின்றன: முதல் நிமிஷத்தில் பிடிப்பதற்கு வேகம், கடைசி மாதம் வரை விடாதிருப்பதற்குப் பொறுமை.

வேகத்தை மனிதரால் எட்ட முடியாது என்று கண்டு, அதை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். லாஸ் அலமாஸில் நான்கு காமிரா லென்சுகளைச் சேர்த்துக் கட்டிய ரோட்ஸி என்னும் தானியங்கிக் கருவி, 1999 ஜனவரி 23-ஆம் தேதி, வெடிப்பு தொடங்கிய 22-ஆவது விநாடியில் படம் எடுத்தது. ஒரு சாதாரணப் பைனாகுலரிலேயே தெரியும் அளவுக்கு ஒளி அப்போது உச்சத்தை எட்டியது. அந்த ஒளியோ 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரயாணம் செய்து வந்தது. 2004 நவம்பரில் அமெரிக்கா அனுப்பிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், தரையிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திராமல், வெடிப்பை உணர்ந்ததும் தானே திரும்பி ஒன்றிரண்டு நிமிஷத்தில் தன் எக்ஸ் கிரணத் தொலைநோக்கியை அந்த இடத்தில் நாட்டிவிடுகிறது. 2008 மார்ச் 19-ஆம் தேதி அதிருஷ்டமும் துணை செய்தது. சிலி நாட்டின் மலைகளில் இருந்த தானியங்கிக் காமிராக்கள் சில, அரை மணி முன்னதாக நிகழ்ந்த வேறொரு வெடிப்புக்காக அதே பக்கம் திரும்பியிருந்தபோது, சுவாதி நட்சத்திரம் இருக்கும் பூட்டீஸ் கூட்டத்தில் இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. 750 கோடி ஆண்டுகள் கடந்து வந்த அதன் ஒளி, அரை நிமிஷ நேரம், வெறுங்கண்ணால் காணக்கூடிய அளவுக்குப் பிரகாசித்தது. விண்வெளிக் கதைகளால் புகழ்பெற்று இலங்கையிலேயே குடியேறிவிட்ட ஆர்தர் கிளார்க் அதே தேதியில்தான் கொழும்பில் காலமானார்; வானியல் அன்பர்கள் சிலர் அந்த வெடிப்புக்கு அவர் பெயரைச் சூட்ட விரும்பினார்கள்.

பொறுமைக்குக் கிடைத்த பலனும் குறைந்ததன்று. 2003 மார்ச் 29-ஆம் தேதி சிம்மக் கூட்டத்தின் திசையில், சுமார் 200 கோடி ஒளி ஆண்டுத் தொலைவில், இத்தகைய வெடிப்புகளின் கணக்குக்கு நம் அண்டை வீடு என்றே சொல்லத்தக்க தூரத்தில், ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்களின் சிறு தொலைநோக்கிகளிலும் அதன் பின்னொளி தெரிந்தது. முதல் வாரத்தோடு திருப்தியடைந்து விட்டுவிடாமல் இரவுதோறும் நிறமாலை எடுத்துவந்தவர்களுக்கு, ஏப்ரல் இரண்டாவது வாரத்தில், பின்னொளி தேய்ந்து விலக விலக, அதனடியில் மறைந்திருந்த ஒரு சூப்பர்நோவாவின் நிறமாலை வெளிப்பட்டது. பெரும் நட்சத்திரத்தின் மரணமே இந்த வெடிப்பு என்ற கொள்கைக்கு அதைவிட நேரான நிரூபணம் வேண்டியதில்லை. அதே பின்னொளியின் ரேடியோ அலையைப் புணே அருகேயுள்ள ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கி உள்ளிட்ட நிலையங்கள் வருஷக் கணக்கில் தொடர்ந்து அளந்தன.

எல்லா வெடிப்பும் நட்சத்திர மரணமல்ல. இரண்டு விநாடிக்குக் குறைவாக நீடிக்கும் குறு வெடிப்புகளில் பலவும், ஒன்றையொன்று சுற்றிவரும் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி இணைவதால் உண்டாகின்றன. 2017 ஆகஸ்டு 17-ஆம் தேதி ஈர்ப்பலை ஆய்வுக்கூடங்கள் அத்தகைய இணைப்பை உணர்ந்த 1.7 விநாடிக்குப் பின் ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு குறு வெடிப்பைப் பதிவு செய்தது. 13 கோடி ஒளி ஆண்டுத் தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தில் தெரிந்த புதிய ஒளி, முதல் நாள் நீலமாகவும் சில நாளில் சிவப்பாகவும் மாறியதிலிருந்து, தங்கம் பிளாட்டினம் போன்ற கன உலோகங்கள் அங்கே உருவாகிக்கொண்டிருந்தன என்று அறிந்தார்கள். விசேஷம் என்னவென்றால், அதன் பின்னொளி வழக்கம்போல் தேய்ந்துகொண்டு வரவில்லை. எக்ஸ் கிரணத்தில் ஒன்பதாம் நாளும் ரேடியோவில் பதினாறாம் நாளும் முதன்முதலாகத் தென்பட்டு, ஐந்து மாத காலம் வளர்ந்த பின்னரே தேயத் தொடங்கியது. தாரை நம்மை நேராக நோக்காமல் சற்று ஒதுங்கிச் சென்றமையால், வேகம் தணிந்து ஒளி அகலப் பரவிய பிறகே நம் பக்கம் எட்டிப் பார்த்தது என்பது அதன் பொருள்.

பூமி சுழன்றுகொண்டிருப்பதால், எந்த ஒரு மலைமுகட்டின் தொலைநோக்கியும் பின்னொளியை இடைவிடாமல் பார்த்துவிட முடியாது. கனேரித் தீவுகளில் விடிந்தால் அமெரிக்கக் கண்டமும், அங்கே விடிந்தால் ஹவாயும், அதன்பின் ஆஸ்திரேலியாவும் வேலையை ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் கனேரித் தீவுகளுக்கும் நடுவே விழும் பெரிய இடைவெளியில் இருப்பது இந்தியா. 1999 ஜனவரி வெடிப்பின் பின்னொளியை நைனிடாலில் உள்ள 104 சென்டிமீட்டர் தொலைநோக்கி அளந்தது. பின்னர் லடாக்கில், 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லே என்னும் இடத்தில் நிறுவப்பட்ட இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொஸகோட்டேயில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். அதே ஹான்லேயில், திடீர் ஒளிகளைத் துரத்துவதற்கென்றே, ஆள் துணையின்றி இயங்கும் 70 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றும் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015-ல் ஏவப்பட்ட அஸ்ட்ரோஸாட் செயற்கைக்கோளின் கருவி ஒன்று நூற்றுக்கணக்கான வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது.

2022 அக்டோபர் 9-ஆம் தேதி, நம் நாட்டுக் கடிகாரத்தில் மாலை ஏழு மணி நெருங்கும் வேளையில், திருவோணத்துக்கு வடக்கே உள்ள சிறு நட்சத்திரக் கூட்டத்தின் திசையிலிருந்து வந்த வெடிப்பு, இதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமானது. பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு முறை எதிர்பார்க்கத்தக்கது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஃபெர்மியின் கருவிகள் அளக்கமாட்டாமல் திணறின. பூமியின் மேல் வாயுமண்டலத்து மின்னேற்றமே கலங்கியது. அதிலும் ஒரு பாடம் இருந்தது. கருவிகள் திணறிய அந்த உச்ச கணத்தின் பிரகாசத்தைப் பின்னர் திருத்தக் கணக்குகளால்தான் மீட்கவேண்டியிருந்தது. பல மாதம் நீடித்த பின்னொளியையோ நிதானமாக, வேண்டிய கருவியால், வேண்டிய நிறத்தில் அளந்துகொள்ள முடிந்தது.

இப்போது தேடல் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. தாரைகள் மிகக் குறுகலானவை என்றால், நம்மை நோக்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும் நம்மை நோக்காத வெடிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கவேண்டும். அவற்றின் காமா கிரணம் நம்மை ஒருபோதும் எட்டாது. ஆனால் தாரை தணிந்து ஒளி பரவும்போது, முன்னறிவிப்பு எதுவுமின்றி ஒரு மங்கலான புள்ளி தோன்றிச் சில நாளில் தேயவேண்டும். பெற்றோர் தெரியாத இவற்றை அனாதைப் பின்னொளிகள் என்கிறார்கள். சிலி நாட்டு மலை ஒன்றில் 2025-ல் பணி தொடங்கிய ரூபின் ஆய்வுக்கூடம், சில இரவுகளுக்கு ஒரு முறை தென்வானம் முழுவதையும் படம் எடுத்து முன்னைப் படத்தோடு ஒத்திடப்போகிறது. லா பால்மாவில் எடுத்த இரண்டே படங்களைக் கொண்டு மூவர் செய்த வேலையை அது கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு இரவுதோறும் செய்யும். முப்பது வருஷம் வெடிப்புகள் கிடைத்தன, பின்னொளி கிடைக்கவில்லை. இனி, வெடிப்பு எவருக்கும் தெரியாத பின்னொளிகள் கிடைக்கப்போகின்றன. எத்தனை என்று எண்ணிவிட்டால், பிரபஞ்சத்தில் பெரும் நட்சத்திரங்கள் எத்தனை இவ்வாறு மாய்கின்றன என்ற கணக்கும், அந்தத் தாரைகள் எவ்வளவு குறுகல் என்ற கணக்கும் ஒருங்கே நேராகிவிடும்.